ஈறு நோய் உள்ளவர்களுக்கு: ஈறு ஆறுவதற்கு வழிவிடுவது எப்படி

பல் துலக்கிவிட்டுத் துப்பும் நுரையில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தால், பெரும்பாலோர் அன்றிலிருந்து அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். புண்ணைச் சீண்டக் கூடாது என்பது கைக்குப் பழகிய பாடம். கையிலோ காலிலோ ஏற்படும் காயத்துக்கு அது சரி, ஈறுக்கு அது பொருந்தாது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படிந்திருக்கும் கிருமிப் படலத்தை எதிர்க்க உடல் அங்கே இரத்த ஓட்டத்தைக் கூட்டியிருக்கிறது. ஈறின் உட்புறத் தோல் மெலிந்து நுண்ணிய புண்களாகி, சிறு உரசலுக்கும் கசிகிறது. படலம் அங்கேயே இருக்கும் வரை இந்த அழற்சி ஓயாது. தொடாமல் விட்ட இடத்தில் படலம் தடித்துக்கொண்டே போவதால், இரத்தத்துக்குப் பயந்து ஒதுங்குபவருக்குத்தான் மாதக் கணக்கில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் செய்தது. நல்ல ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை முற்றாக நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாட்களில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. அவர்களுக்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஈறு நோய்க்கான சிகிச்சைகள், பல்லில் படிந்ததை எடுக்கும் எளிய ஸ்கேலிங் முதல் அறுவைச் சிகிச்சை வரை, பெரும்பாலும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன: ஈறுக்குத் தானே ஆறும் திறன் உண்டு, அதற்குக் குறுக்கே நிற்பதை எடுத்துவிட வேண்டும்.

முதலில், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிதல்

ஈறு அழற்சியும் ஈறு நோயின் அடுத்த கட்டமும் கண்ணாடியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். அழற்சியில் ஈறு மட்டும் சிவந்து வீங்கியிருக்கும். அது முழுமையாகச் சரியாகக்கூடியது. அடுத்த கட்டத்தில் பல்லைத் தாங்கும் நார்களும் எலும்பும் கரையத் தொடங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போன்ற ஒரு பள்ளம் உருவாகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளர்வதில்லை. நோயை நிறுத்தலாம், பள்ளத்தைச் சுருக்கலாம், பல்லைக் காப்பாற்றலாம். எந்தக் கட்டம் என்று தெரியாமல் வீட்டு வைத்தியத்தில் மாதங்களைக் கழிப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு, ஏனென்றால் இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

பல் மருத்துவர் இதை அறிய, மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய உலோகக் குச்சி ஒன்றை ஈறின் விளிம்புக்குள் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளக்கிறார். அருகில் இருக்கும் உதவியாளரிடம் அவர் “மூன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லிக்கொண்டே போவதை நாற்காலியில் படுத்திருப்பவர் கேட்கலாம். 1 முதல் 3 வரை நல்ல அளவு. 4 வந்தால் கவனம் தேவை. 5, 6 என்று கேட்கத் தொடங்கினால், அந்த ஆழத்தை எந்த பிரஷாலும் எட்ட முடியாது என்று பொருள். அளந்தபின் குச்சி போன வழியில் இரத்தம் துளிர்க்கிறதா என்பதும் குறிக்கப்படும். அந்த எண்களின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பலித்ததா என்பதைப் பின்னால் இதை வைத்துத்தான் சொல்ல முடியும். எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரே எடுப்பார்கள்.

நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, செயற்கை இதய வால்வு, எலும்பு வலுவிழப்புக்கான மருந்து, கர்ப்பம் ஆகிய எது இருந்தாலும் இந்த முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு ஈறு வீக்கம் கூடுவது வழக்கம். அவர்களுக்கும் சுத்திகரிப்பு பாதுகாப்பானதே.

ஆழ்ந்த சுத்திகரிப்பு

பல்லில் படியும் மென்மையான படலம் சில நாட்களிலேயே உமிழ்நீரில் உள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகளை ஏற்றுக் கெட்டியாகி, பற்காரையாகிறது. கீழ் முன்பற்களின் பின்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஒரு வரம்பு தட்டுப்பட்டால் அது பற்காரைதான். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் அந்த இடத்தில் அது விரைவாகச் சேரும். காரையின் மேற்பரப்பில் புதுப் படலம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். கெட்டியானபின் அதைத் துலக்கி எடுக்க இயலாது. பின், குச்சி, கூரான கருவிகளைக் கொண்டு வீட்டில் சுரண்டுபவர்கள் வேரையும் ஈறையும் கிழித்துக்கொள்கிறார்கள்.

ஈறின் மேலே தெரியும் காரையை எடுப்பது ஸ்கேலிங். பள்ளம் உள்ளவர்களுக்கு அது போதாது. ஈறின் கீழே, வேரின் மேல் ஒட்டியிருக்கும் கருநிறக் காரையையும் படலத்தையும் அகற்றி வேரைச் சுத்தமாக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்வினால் காரையைத் தகர்க்கும் கருவியாலும், பல்லின் வளைவுக்கேற்ப வடிவமைத்த கைக் கருவிகளாலும் இதைச் செய்கிறார்கள். வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து இரண்டு அல்லது நான்கு முறை வரச் சொல்வதும் உண்டு, ஒரே நாளில் முடிப்பதும் உண்டு. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைச் சுற்றிக் காரை இறுகி முட்டுக் கொடுத்திருந்தால், அதை எடுத்ததும் ஆட்டம் வெளிப்படும். அழற்சி வடிந்து ஈறு இறுகியதும் அந்த ஆட்டம் ஓரளவு குறைவதையும் காணலாம்.

சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில்

மரத்த தன்மை நீங்கும் வரை சூடாக எதையும் குடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். கன்னத்தையோ உதட்டையோ கடித்துக்கொண்டால்கூடத் தெரியாது. ஓரிரு நாட்கள் ஈறு நோகும், சிறிது இரத்தம் கசியும். வலிக்குச் சாதாரண வலி மாத்திரை போதும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளுக்கு மூன்று நான்கு முறை மெதுவாக வாயில் சுழற்றித் துப்புவது இதமாக இருக்கும். உப்புநீர் படலத்தை எடுத்துவிடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம், அது துணைக்குத்தான். கடினமான, காரமான, கூரிய துணுக்குகளாக உடையும் உணவை இரண்டு மூன்று நாட்கள் தள்ளி வையுங்கள். துலக்குவதை அன்றிரவே, மென்மையான பிரஷால், மறுபடி தொடங்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்களில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும். சிவப்பு மங்கி ஈறு வெளிர் நிறத்துக்கு வரும், வீக்கம் வடியும், ஈறின் உட்தோல் சுத்தமான வேரோடு மறுபடி ஒட்டத் தொடங்கும். வீக்கம் வடிவதால் பற்கள் நீண்டதுபோலவும், இடையில் கறுப்பு முக்கோணமாக இடைவெளி விழுந்ததுபோலவும் தோன்றும். சிகிச்சையால் ஈறு போய்விட்டது என்று மனம் நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். வீக்கம் மறைத்து வைத்திருந்த இழப்புதான் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. வேர் வெளிப்பட்டதால் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் இருக்கும். பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஸ்டானஸ் ஃப்ளோரைடு உள்ள பற்பசையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் சில வாரங்களில் கூச்சம் தணியும். ஆழமான நார்த்திசு முதிர்ந்து இறுக மாதங்கள் ஆகும். அதனால்தான் மருத்துவர் உடனே மறுபடி அளக்காமல், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார்.

வீட்டில் தினமும்

மருத்துவர் செய்வது சில மணி நேர வேலை. மீதி அத்தனை நாட்களும் ஈறு உங்கள் கையில் இருக்கிறது; சிகிச்சையின் பலனில் பெரும் பங்கு இந்தப் பகுதியைப் பொறுத்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மென்மையான நார்கள் கொண்ட, சிறிய தலையுள்ள பிரஷை எடுத்து, நார்களின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறின் விளிம்பிலும் படும்படி, சுமார் 45 பாகை சாய்வில் ஈறை நோக்கி வையுங்கள். பிரஷை இடம் பெயர்க்காமல், மிகச் சிறிய அசைவுகளாகப் பத்து முறை அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கிச் சுருட்டி இழுங்கள். இரண்டு பற்கள் முடிந்ததும் அடுத்த இரண்டு. நீளவாக்கில் அறுப்பதுபோல் தேய்த்தால் விளிம்பு சுத்தமாகாது; ஈறும் தேய்ந்து இறங்கும். பிரஷைக் கைப்பிடி முழுவதுமாகப் பற்றாமல் பேனா பிடிப்பதுபோல் விரல் நுனிகளில் பிடித்தால் அழுத்தம் தானே குறைந்துவிடும். நாளுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். மின் பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாகக் கையில் மூட்டுவலி உள்ளவர்களுக்கு, வேலை எளிதாகும். அதை ஒவ்வொரு பல்லிலும் சில நொடிகள் நிறுத்திப் பிடித்தால் போதும்.

ஆனால் ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் தங்குவதும் பல்லிடுக்கில். அங்கே எவ்வளவு நல்ல பிரஷும் போகாது. இடைவெளி விழுந்தவர்களுக்குப் புட்டி கழுவும் பிரஷின் குட்டி வடிவம் போலிருக்கும் பல்லிடுக்கு பிரஷே சிறந்தது. இடைவெளியே இல்லாத நெருக்கமான பற்களுக்கு மட்டும் ஃப்ளாஸ் நூல். அளவு முக்கியம்: உள்ளே நுழையும்போது நார்கள் இருபுறமும் லேசாக உரச வேண்டும், நடுக் கம்பி பல்லைத் தொடக் கூடாது. ஒருவருடைய வாயிலேயே முன்பற்களுக்கு ஓர் அளவும் கடைவாய்ப் பற்களுக்கு வேறோர் அளவும் தேவைப்படுவது சாதாரணம். மருத்துவமனையிலேயே அளவு பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

கடைவாய்ப் பற்களில் பலர் தோற்றுப்போவது ஒரு சிறு காரணத்தால். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி, கை நுழைய இடமிருக்காது. வாயைப் பாதி மூடி, கன்னத்தைத் தளர்த்திக்கொண்டு, கம்பியின் நுனியை விரலால் சற்று வளைத்து, ஈறை ஒட்டியபடி நேராக உள்ளே செலுத்துங்கள். முட்டினால் தள்ளாதீர்கள், கோணத்தை மாற்றுங்கள். முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை இழுத்துவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். வெண்மஞ்சளாகப் பசைபோல ஒட்டியிருப்பதுதான் படலம். அதை முகர்ந்து பார்ப்பவர்களுக்கு வாய் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது. முதல் சில நாட்கள் நார்களில் இரத்தமும் இருக்கும். விடாமல் தினமும் ஒருமுறை செய்தால், ஒன்றிரண்டு வாரங்களில் பெரும்பாலான இடுக்குகளில் இரத்தம் நின்றுவிடும். அப்போதும் நிற்காத இடுக்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள்; அங்கே ஆழமான பள்ளமோ விடுபட்ட காரையோ இருக்கலாம்.

எல்லாப் பற்களுக்கும் ஒரே நாளில் தொடங்குவது சிரமமாக இருந்தால், மருத்துவர் அதிக ஆழம் குறித்த பற்களிலிருந்து தொடங்குங்கள். காலையைவிட இரவில் செய்வது நல்லது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அது வசதியான நேரம்.

வாய் கொப்பளிக்கும் மருந்தும் ஆன்டிபயாடிக்கும்

துலக்க முடியாத அளவுக்கு நோவு இருக்கும்போதும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் குளோர்ஹெக்சிடின் கலந்த கொப்பளிப்பு மருந்து மிகவும் உதவும். 0.2 சதவீத மருந்தானால் 10 மில்லிலிட்டரை ஒரு நிமிடம் வாயில் சுழற்றித் துப்ப வேண்டும், நாளுக்கு இரு முறை. பற்பசையில் உள்ள நுரைப் பொருள் இதன் வீரியத்தைக் குறைப்பதால், துலக்கியபின் அரை மணி நேரமாவது கழித்துப் பயன்படுத்துங்கள். இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு வாரம். அதற்கு மேல் நீட்டினால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை படியும், சுவை மாறும். தேநீரும் காபியும் அந்தக் கறையைக் கூட்டும். ஈறுக்குக் கீழே உள்ள பள்ளத்துக்குள் எந்தக் கொப்பளிப்பு மருந்தும் போய்ச் சேராது என்பதால், இதையே நம்பித் துலக்குவதைக் குறைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஈறு வீங்கினால் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். படலத்துக்குள் கிருமிகள் ஒன்றோடொன்று பின்னி, பசையால் மூடப்பட்டு வாழ்கின்றன. இரத்தத்தின் வழியே வரும் மருந்து அதை ஊடுருவிப் போதிய அளவில் உள்ளே போவதில்லை. வீக்கம் தற்காலிகமாக வடியும், நோய் உள்ளே தொடரும், கிருமிகள் மருந்துக்குப் பழகும். வேகமாகப் பரவும் நோய் உள்ள சிலருக்கு, படலத்தைச் சுரண்டி எடுத்த கையோடு, அமாக்சிசிலினையும் மெட்ரோனிடசோலையும் சேர்த்துச் சில நாட்களுக்கு மருத்துவர் கொடுப்பதுண்டு. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஒன்றிரண்டு பள்ளங்கள் மட்டும் அடங்காமல் இருந்தால், அவற்றுக்குள்ளேயே மருந்துச் சில்லு அல்லது ஜெல் வைப்பதும் ஒரு வழி.

ஆறுவதைத் தாமதப்படுத்துபவை

நன்றாகத் துலக்கியும் ஈறு ஆறாவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி புகையைப் பற்றியது. புகை ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நோய் எதிர்ப்பு அணுக்களைத் தளர்த்திவிடுகிறது. அதனால் புகைப்பவர்களுக்கு ஈறு ஆறுவது மெதுவாகிறது. அதோடு இரத்தக் கசிவு என்ற எச்சரிக்கையும் மறைந்துபோகிறது. இரத்தமே வராமல் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். நிறுத்திய சில வாரங்களில் ஈறில் இரத்தம் கூடுதலாக வருவதுபோல் தோன்றலாம். அதைக் கண்டு திரும்பவும் புகைக்கு ஓட வேண்டாம், அடக்கி வைக்கப்பட்டிருந்த இரத்த ஓட்டம் மீள்கிறது என்பதே அதன் பொருள். மெல்லும் புகையிலையும் ஈறுக்குக் கேடுதான்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும், சிகிச்சைக்குப் பின் ஆறுவது தாமதமாகும். இது இருவழிப் பாதை. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தபின் மூன்று நான்கு மாதங்களில், மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை மருத்துவரிடம் ஈறைப் பற்றியும் பல் மருத்துவரிடம் சர்க்கரையைப் பற்றியும் சொல்லுங்கள்.

வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடித்து வளரச் செய்யும். மருந்தை எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று உண்டா என்று கேட்கலாம். வைட்டமின் சி குறைந்தால், ஈறின் நார்களை ஆக்கும் புரதமான கொலாஜன் சரியாக உருவாகாது, ஈறு ஆறாது. கனிகளும் காய்களும் நிறைய உண்பவருக்கு மாத்திரை தேவையில்லை. பசைபோல ஒட்டும் சர்க்கரைத் தின்பண்டங்களையும், வாய் உலர்வதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது

மறுபடி அளக்கும்போது 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமான பள்ளங்கள் எஞ்சியிருந்தால், ஈறைச் சற்றே விலக்கி வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தைக்கும் அறுவைச் சிகிச்சையை ஈறு நோய் நிபுணர் பரிந்துரைக்கலாம். எலும்பு குழியாகக் கரைந்த இடங்களில், எலும்புத் துகளும் சவ்வும் வைத்து இழந்ததில் ஒரு பகுதியை மீட்க முயல்வார்கள். இந்தப் பொருட்கள் சில மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பெறப்படுபவை. அதில் தயக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டால் மாற்றுப் பொருள் கிடைக்கும். ஈறு மிகவும் இறங்கிய இடத்தில் மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவதும் உண்டு. லேசர் சிகிச்சை பெரிதாக விளம்பரப்படுத்தப்பட்டாலும், சாதாரணமான நல்ல சுத்திகரிப்பைவிட அது கூடுதலாகத் தரும் பலன் உறுதியாக நிறுவப்படவில்லை. அதற்காகவே அதிகம் செலவழிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஈறில் சீழ்க் கட்டி, காய்ச்சல், முகத்திலோ கழுத்திலோ வீக்கம் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பற்களுக்கு இடைப்பட்ட ஈறு நுனி திடீரெனக் கடும் வலியோடு அழுகி, சாம்பல் நிறமாகி, துர்நாற்றம் வீசினாலும் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத தனிப்பட்ட புண்ணையும் காட்டியே ஆக வேண்டும்.

தொடர் சந்திப்புகள்

சுத்தம் செய்த பள்ளத்தில் கிருமிகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மீண்டும் பழைய கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. ஈறு நோய் வந்து ஆறியவர்களை முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வதன் காரணம் அதுதான். நிலைமை உறுதிப்பட்டால் இடைவெளியை நீட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் பழைய எண்களின் பிரதியைக் கையோடு கொண்டு போங்கள். எந்த இடத்தில் 5 இருந்தது 3 ஆகியிருக்கிறது, எங்கே இன்னும் இரத்தம் துளிர்க்கிறது என்று கேளுங்கள். துளிர்க்கும் இடத்தைக் கைக்கண்ணாடியில் காட்டச் சொல்லி, உங்கள் பல்லிடுக்கு பிரஷை அவர் முன்னாலேயே அந்த இடுக்கில் செலுத்திக் காட்டுங்கள். கோணம் தவறினால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.